மனச்சோர்வுக்குக் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொண்டு செய்யும் சிகிச்சையின்போது சத்து மாத்திரைகளையும் மூலிகை மாத்திரைகளையும் தொடரலாமா?

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. வழக்கமான அளவில் வைட்டமின் டி, பி12 போன்றவற்றால் பொதுவாகத் தொல்லை இல்லை. நான் அஞ்சுவது "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்று விழுங்கப்படுபவற்றைத்தான்.

மனச்சோர்வுக்காக மேல்நாடுகளில் கடையிலேயே கிடைக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியைத் தூண்டிவிடும். கெட்டமினைச் சிதைப்பதில் அந்த நொதிக்கும் பங்குண்டு. அதனால் வாய்வழி எடுக்கும் கெட்டமின் இரத்தத்தில் வெகுவாகக் குறைந்துவிடும்; மருந்து பலிக்கவில்லையே என்று நோயாளி மனமுடைந்து போவார். பம்பளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறு நேரெதிர்: அதே நொதியை முடக்கி இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

அடுத்தது இரத்த அழுத்தம். கெட்டமினே அதைச் சற்று நேரம் உயர்த்தும். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற எஸ்கெட்டமின் (கெட்டமினின் ஒரு வடிவம்) மூக்குத் தெளிப்பானுக்குப் பின் குறைந்தது இரண்டு மணிநேரம் கண்காணிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதிமதுரமும், காஃபீன் நிறைந்த எடைக்குறைப்பு மாத்திரைகளும் அழுத்தத்தை மேலும் ஏற்றலாம். அமுக்கரா (அஸ்வகந்தா), வலேரியன், காவா ஆகிய மூலிகைகள் மயக்கத்தைக் கூட்டலாம்.

தயவுசெய்து டப்பாக்களையே பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயர் மறந்துபோகும், லேபிள் மறக்காது. அவரைக் கேட்காமல் எதையும் திடீரென நிறுத்தவும் வேண்டாம்.