33 டிகிரிக்கு ஏன் இவ்வளவு பயம்?

கேள்வி: மகன் ஒஹாயோவில் வளர்ந்தவன். இந்த ஆகஸ்ட்டில் ஃப்ளோரிடாவில் ஒரு கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்மேனாக, அதாவது முன்வரிசையில் நின்று மோதும் ஆட்டக்காரனாக, சேருகிறான். எடை 128 கிலோ. அங்கே 33 டிகிரிதான் காட்டுகிறது. மதுரையில் 40 பார்த்தவர்கள் நாங்கள். இதற்குப் போய் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறார்கள்?

பதில்: மதுரை வெயிலில் துவைத்துப் போட்ட வேட்டி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஃப்ளோரிடாவின் ஆகஸ்ட் புழுக்கத்தில் அது காயவே நெடுநேரம் பிடிக்கும். உங்கள் மகன் உடம்பில் வழியும் வியர்வைக்கும் அதே கதிதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; சும்மா சொட்டினால் தண்ணீர்தான் நஷ்டம். அதற்கு மேல் ஹெல்மெட், ஷோல்டர் பேட். பெரிய உடம்பு வேறு. உள்ளே பிறக்கிற சூடு சீக்கிரம் வெளியே போகாது.

அதனால் வெறும் டிகிரியை நம்ப வேண்டாம். ட்ரெய்னர்கள் பார்ப்பது 'வெட் பல்ப் குளோப்' என்ற அளவு. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு 20, டிவியில் சொல்லும் வெப்பநிலைக்கு வெறும் 10. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெயிலில் சுருண்டு விழுந்ததால் பிறந்த கணக்கு இது.

ஆட்ட நாளில்கூட விளம்பர இடைவேளை உண்டு, மாற்று ஆள் உண்டு. எனக்குப் பயம் பயிற்சியின் முதல் வாரம்தான். புழுக்கத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். முதலில் ஹெல்மெட் மட்டும், அப்புறம் ஷோல்டர் பேட், கடைசியில்தான் முழுக் கவசம் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ 2003ல் விதி கொண்டுவந்தது அதற்காகத்தான். முடிந்தால் பையனை இரண்டு வாரம் முன்பே அனுப்பி, மெதுவாக ஓடிப் பழகச் சொல்லுங்கள்.

விளையாட்டு வீரர்கள் குடிக்கும் உப்பு-சர்க்கரை பானமான கேட்டோரேட் பிறந்ததும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில்தான், 1965ல். ஆட்டத்தின்போது வீரர்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்று உதவி கோச் ஒருவர் கேட்க, டாக்டர் ராபர்ட் கேட் அதில் இறங்கினார். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு இழந்தான் என்று தெரிந்துவிடும். ஆனால் எதைக் குடித்தாலும் ஹீட் ஸ்ட்ரோக் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பையன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், காரணமில்லாமல் கோபப்பட்டால் அதுதான் அறிகுறி. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். உள்வெப்பம் 40ஐத் தாண்டியிருக்கும். உடனே கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, அரை மணிக்குள் 39க்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும், ஆனால் ஏற்றுவது குளிர்வித்த பிறகுதான். 2018ல் மேரிலாண்ட் பல்கலைக்கழக வீரர் ஒருவர் பயிற்சியில் சுருண்டபோது இதைச் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார்.

சேர்க்கப் போகும்போது, ஐஸ் தொட்டி எங்கே என்று கேளுங்கள். மைதானத்தோரம் கையைக் காட்டினால் சரி. "உள்ளே இருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்து வருவோம்" என்றால், அதை யார் எடுத்து வருவார், எத்தனை நிமிடத்தில் என்றும் கேட்டுவிடுங்கள்.