ஜெயிச்சாலும் வக்கீல் ஃபீஸ் நம்ம தலையிலதானா?

கேள்வி: மெல்பர்ன்ல ஒரு ரெஸ்டாரண்ட் கிச்சன்ல 2 வருஷமா வேலை. ஞாயிறு, ராத்திரி எதுக்கும் கூடுதல் ரேட் கிடையாது, சம்பளம் கையில காசா தர்றாங்க, பேஸ்லிப் இல்ல. இப்படி 9 பேர் இருக்கோம். க்ளாஸ் ஆக்‌ஷன் (பல பேர் சேர்ந்து ஒரே கேஸா போடுறது) போட்டு ஜெயிச்சா வக்கீல் செலவை முதலாளியே கட்டணும்னு ஒருத்தர் சொல்றார், தோத்தா அவரோட வக்கீலுக்கும் நாமதான் அழணும்னு இன்னொருத்தர் பயமுறுத்துறார். எது சரி சார்?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: ரெண்டுமே தப்பு தம்பி. தோத்தவர் செலவைக் கட்டணும்ங்கிறது சாதாரண சிவில் கேஸ்ல உள்ள வழக்கம், சம்பள கேஸ்ல அது செல்லாது. ஆஸ்திரேலியாவோட வேலைச் சட்டமான 2009 ஃபேர் வொர்க் சட்டத்தோட 570-வது பிரிவுப்படி அவங்கவங்க செலவு அவங்கவங்களுக்கு. வேணும்னே தொல்லை குடுக்கவோ நியாயமான காரணமே இல்லாமலோ கேஸ் போட்டாலோ, நியாயமான சமரசத்தை வீம்புக்கு மறுக்கிற மாதிரி ஏதாவது பண்ணி எதிராளிக்கு செலவு வெச்சாலோதான் கோர்ட் கட்டச் சொல்லலாம், அது முதலாளிக்கும் பொருந்தும் உங்களுக்கும் பொருந்தும். தோத்தா வீடு ஏலத்துக்குப் போயிடுமோன்னு பயப்பட வேண்டாம், அதுக்குத்தான் இந்தப் பிரிவு, ஆனா ஜெயிச்சாலும் வக்கீலுக்கும் கேஸுக்குப் பணம் போட்ட ஃபண்டருக்கும் போற பங்கு உங்க பாக்கி சம்பளத்துல இருந்துதான் போகும், இதை எனக்கு நியாயம்னு சொல்ல மனசு வரல, திருடு போன காசை மீட்கவும் பறிகொடுத்தவனே செலவு பண்றதான்னு தோணுது.

7 பேர் இருந்தா க்ளாஸ் ஆக்‌ஷன் போடலாம்தான், ஆனா அது ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற பெரிய கம்பெனிக்குத்தான் கட்டுப்படியாகும், 9 பேர் பாக்கியை நம்பி எந்த ஃபண்டர் வருவான்? நீங்க ஸ்மால் க்ளெய்ம்ஸ் (சின்னத் தொகை கேஸுக்கு கோர்ட்ல இருக்கிற எளிய வழி) பக்கம் போங்க. ஆளுக்கு 1,00,000 டாலர் வரைக்கும் கேக்கலாம், கோர்ட் அனுமதி இல்லாம ரெண்டு பக்கமும் வக்கீல் வர முடியாது, அதனால செலவுப் பேச்சே பெருசா இல்ல, ஜெயிச்சா கேஸ் போடக் கட்டின ஃபீஸையும் முதலாளிகிட்ட கேக்கலாம். முதல்ல ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனுக்கு (சம்பளப் புகாரைப் பார்க்கிற அரசு அமைப்பு) ஒரு போன் போடுங்க, அங்க உதவி இலவசம்.

பேஸ்லிப் இல்லையேன்னு கலங்காதீங்க. ரெக்கார்ட் வெச்சிருக்க வேண்டியது முதலாளியோட கடமை, சரியான காரணம் இல்லாம வெச்சிருக்கலேன்னா நீங்க சொல்ற மணிக்கணக்கு பொய்னு அவர்தான் நிரூபிக்கணும். பழைய பாக்கிக்கு 6 வருஷம் டைம் இருக்கு. ரோஸ்டர் போட்டோ, ஷிஃப்டுக்கு கூப்பிட்ட வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்தையும் 9 பேரும் இன்னைக்கே தனியா சேவ் பண்ணிக்குங்க, விஷயம் வெளிய தெரிஞ்ச மறுநாள் அந்த குரூப்ல இருந்து உங்களைத் தூக்கிடுவாங்க.