பெயின்ட் கடைசியில்தான்: பழைய வீதிகள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

எங்கள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகள் பாதிக்கு மேல் போய்விட்டன. மிச்சத்தைக் காப்பாற்ற நாலைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். புதுச்சேரியில் ஒரு தெருவையே சீராக்கினார்களாமே, எப்படி? நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், காரைக்கால்

நீங்கள் கேள்விப்பட்டது வைசியாள் வீதி. கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்றும் பெயர். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. 2002 முதல் 2004 வரை ஆசிய, ஐரோப்பிய ஊர்களைக் கூட்டுச் சேர்க்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் அங்கே வேலை நடந்தது. பழைய கட்டடங்களைக் காக்க வேலை செய்யும் இன்டாக் (INTACH) அமைப்பு அதில் முக்கியப் பங்கு வகித்தது. பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய ஊர்கள் கூட்டாளிகள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. அழகான வீடு ஒன்றைப் பொறுக்கியெடுத்து ஜோடிக்காமல், தெருவை ஒரே உருப்படியாகப் பார்த்தார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. தாழ்வாரம் வீட்டுக்கு வீடு தொடர்ந்தால்தானே நிழலில் நடக்க முடியும்?

நீங்கள் முதலில் கணக்கெடுங்கள். வீட்டுக்கு ஒரு தாள் போதும்: கதவு எண், கூரை வகை, தாழ்வாரத் தூண் இருக்கிறதா, கீழே என்ன வியாபாரம், தண்ணீர் எங்கே இறங்குகிறது, முடிவெடுப்பவர் யார். கடைசி இரண்டையும் யாரும் எழுதுவதில்லை, வேலை நிற்பதோ அவற்றால்தான். பாகம் பிரிக்காத சொத்தில் ஏழு வாரிசுகள் இருந்தால், சென்னையில் இருக்கும் ஒருவர் கையெழுத்துக்காக ஒரு மழைக்காலமே போய்விடும்.

முகப்பைப் படமெடுக்க, வண்டிகள் வந்து நிற்பதற்கு முன், எதிர்ச்சாரியில் ஒரே உயரத்தில் கேமராவை வையுங்கள். ஒவ்வொரு படத்திலும் பக்கத்து வீட்டின் ஓரம் விழ வேண்டும். அப்போதுதான் ஒட்டிப் பார்த்தால் முழுத் தெரு கிடைக்கும். கிழக்குப் பார்த்த சாரியைக் காலையிலும் மேற்குப் பார்த்ததை மாலையிலும் எடுங்கள்.

எங்கள் கடை பழைய சுண்ணாம்புச் சுவர். போன வருடம் சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். ஆறே மாதத்தில் தரையிலிருந்து மூன்றடி வரை உப்புப் பூத்துப் பொரிகிறது. வாட்டர்புரூஃப் பெயின்ட் அடிக்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

அடிக்காதீர்கள். இப்போது மூன்றடியில் இருக்கும் உப்பு நாலடிக்கு ஏறும். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமென்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைப்பதால் ஈரம் மேலே போகிறது. காயும் இடத்தில் உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

சுவரைத் தொடுவதற்கு முன் வாசலைப் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் தார் மேல் தார் போட்டுக்கொண்டே போனதில், இரண்டு படி ஏறிப் போன கடை இன்று ரோட்டோடு சமமாகியிருக்கும். அப்படியானால் மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தில்தான் தேங்குகிறது. சுவரை ஒட்டிச் சின்ன வாய்க்கால் எடுத்து, கூரையிலிருந்து இறங்கும் குழாயை அதில் விடுங்கள். இதைச் செய்யாமல் மற்றது எல்லாம் வீண் செலவு.

பிறகு உப்பு தெரியும் எல்லைக்கு மேலே இன்னும் ஓரடி வரை சிமென்டைக் கொத்தி எடுங்கள். கனமான மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியும் போதும். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம், கடைக்காரரால் முடியாது. அதனால் முதல் பூச்சைப் பலிகொடுப்பது என்று முடிவு செய்து, மெல்லிய சுண்ணாம்புக் காரை பூசிவிடுங்கள். அது உப்பை வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருடத்தில் உதிரும். அப்போது கொத்திவிட்டு நல்ல பூச்சு போடலாம்.

கலவை: நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத சலித்த மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு குறைந்தது 15 நாள் தண்ணீருக்குள் ஊறி, சல்லடையில் வடிந்திருக்க வேண்டும். நீறாத கட்டி மாட்டிக்கொண்டால் பூசிச் சில வாரம் கழித்து அது சுவருக்குள் ஊதி, பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். ஒரு படலம் 10 முதல் 12 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். "சீக்கிரம் இறுகட்டும்" என்று மேஸ்திரி ஒரு கரண்டி சிமென்ட் போடுவார். பக்கத்திலேயே நில்லுங்கள். மேலே வெள்ளையடிப்பு மட்டும்: தண்ணீராக, ஒரு நாளைக்கு ஒரு கை வீதம் நாலு கை. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். தைக்குப் பிறகு நல்லது.

எங்கள் வீட்டு மெட்ராஸ் டெரஸ் (மர விட்டத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும் இட்ட பழைய தட்டைக் கூரை) ஒழுகுகிறது. மேலே மூன்று அங்குல கான்கிரீட் போட்டால் தீரும் என்கிறார் காண்ட்ராக்டர்.
— வாசகி, நாகப்பட்டினம்

மூன்று அங்குலம் என்றால் நூறு சதுர அடிக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடை ஏறும். அதைத் தாங்கப்போவது எந்த மரம்? சுவருக்குள் செருகிய விட்டத்தின் நுனிதான் முதலில் உளுக்கும், வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்துங்கள். அரை அங்குலம் இறங்கினால் கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மரம் நன்றாக இருந்தால், ஒழுகும் இடத்தில் மேலே பதித்த தட்டையான ஓட்டை (தட்டோட்டை) மட்டும் எடுத்து, கீழே இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பில் கெட்டதைச் சுரண்டி, புதிதாக இட்டு மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோட்டைத் திரும்பப் பதியுங்கள். பெரும்பாலும் ஒழுகல் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவரின் அடியிலோ, அடைபட்ட தண்ணீர்ப் போக்கியிலோ இருக்கும். அரசங்கன்று முளைத்திருந்தால் வெட்டினால் போதாது, வேரோடு எடுக்க வேண்டும்.

புதுச்சேரி கடற்கரையில் 1870-களில் கட்டிய மேரி கட்டடம் (பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். உருவம் திரும்பியது, பழைய மரமும் காரையும் திரும்பவில்லை.

பழைய கடைப் போட்டோக்கள், கணக்கு நோட்டுகளைச் சேகரிக்கிறோம். லேமினேட் செய்யலாமா?
— வாசகர், புதுச்சேரி

கூடவே கூடாது. சூடும் பசையும் போட்டோவைத் தின்னும், பிரிக்கவும் முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிப்போன போட்டோவை இழுக்காமல், சட்டத்தோடு படமெடுங்கள். மற்றவற்றை 600 டிபிஐ-யில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, மூன்று பிரதிகள் வையுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். படத்தில் யார், எந்தக் கடை என்பதைப் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா மை ஊடுருவும். அசலை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "கமிட்டியில் இருக்கிறது" என்றவை காணாமல் போவதால்தான் பல வீட்டில் இப்போது காட்டவே பயப்படுகிறார்கள்.

பெரியவர்களிடம் பேச்சைப் பதிவு செய்கையில் நாற்காலியில் உட்கார்த்தி "உங்கள் நினைவுகள்" என்று கேட்காதீர்கள். தெருவில் கூட நடந்து, "இந்தக் கடையில் முன்னே என்ன விற்றது?" என்று கதவுக்குக் கதவு கேளுங்கள்.

பழைய தெருவைச் சீராக்கினால் வாடகை ஏறி, தையல்காரரும் பாத்திரக்கடைக்காரரும் வெளியேறிவிடமாட்டார்களா?
— வாசகி, காரைக்குடி

நியாயமான பயம். மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனில் 2000 ஜனவரியில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடியிருப்போர் பெருவாரியாகக் காலி செய்தார்கள். 2008-ல் உலக மரபுப் பட்டியலில் ஏறிய பிறகு பல கடைவீடுகள் ஹோட்டலும் காபிக்கடையுமாயின. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயர் தாங்கிய சூலியா தெரு அங்கேதான் இருக்கிறது.

பொதுப் பணத்தில் ஒருவருக்கு உதவி தருகையில், இத்தனை வருடத்துக்கு வாடகை ஏற்றமாட்டேன் என்ற ஒப்பந்தத்தை உரிமையாளரிடம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தை மூன்று தவணையாக, வேலை முடிந்த அளவுக்குக் கொடுங்கள். கடையை முழுக்க மூடாமல் பாதிப் பாதியாக வேலை செய்யுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சாரமே கட்டக் கூடாது. ஃப்ளெக்ஸை இறக்கி, கதவு நிலைக்கும் தாழ்வாரக் கூரைக்கும் நடுவில் அடங்கும் பலகையில் பெயர் எழுதித் தாருங்கள். அந்தச் செலவைச் சங்கமே ஏற்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.