உறவு சொன்னதும் ஓடிய பயம்

கேள்வி: 1978-இல் வெளியான ‘ஹாலோவீன்’ படத்தை அண்மையில்தான் பார்த்தேன். சுடப்பட்டு மாடியிலிருந்து விழுந்த கொலைகாரனின் உடல் காணாமற்போவதோடு படம் முடிகிறது. இரண்டாம் பாகத்துக்கு அடிபோட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நண்பரோ, இதோடு நிறுத்திக்கொள், மேலே பார்த்தால் இந்தப் படமும் கெட்டுவிடும் என்கிறார். அவர் சொல்வது சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: சரிதான். பின்னால் வந்தவற்றில் சில நன்றாகவே எடுக்கப்பட்டவை. ஆனாலும் அவை முதல் படத்துக்கு ஊறு செய்வதற்கான காரணம், முதல் படம் கட்டப்பட்டிருக்கும் விதத்திலேயே இருக்கிறது.

ஜான் கார்ப்பெண்டர் டெப்ரா ஹில்லுடன் சேர்ந்து எழுதி இயக்கிய அந்தப் படத்தில், மைக்கேல் மையர்ஸ் என்னும் ஆறு வயதுச் சிறுவன் 1963-ஆம் ஆண்டு, ஹாலோவீன் என்னும் பேய்வேடப் பண்டிகை இரவில் தன் அக்காவைக் குத்திக் கொல்கிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிச் சொந்த ஊருக்கு வருகிறான். ஏன் கொன்றான், ஏன் வந்தான் என்பதற்குப் படத்தில் விடையே கிடையாது. வீட்டுத் தரகரான அப்பா சொன்னபடி, பாழடைந்து கிடக்கும் அவனுடைய பழைய வீட்டு வாசலில் சாவியை வைத்துவிட்டுப் போக, கதாநாயகியான பள்ளி மாணவி லோரி வருகிறாள். உள்ளே நிற்கும் அவன் அவளைப் பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான். அந்த நேரத்தில் அந்த வாசலுக்கு வேறொரு பெண் வந்திருந்தால் அவன் அவள் பின்னால் போயிருப்பான் என்று நமக்குத் தோன்றுகிறதே, படத்தின் பயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அவன் முகமும் அதற்கு ஏற்றாற்போல் வாய்த்தது: சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் என்பதால், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகமூடியைக் கடையில் வாங்கி, வெள்ளை பூசி, எந்த உணர்ச்சியும் தெரியாத முகமாக மாற்றிக்கொண்டார்கள்.

1981-இல் வந்த இரண்டாம் பாகம், லோரி அவனுடைய சொந்தத் தங்கை என்று சொல்லிவிட்டது. கதை எழுதியவர்கள் அதே இருவர்தான் என்றாலும், இந்தத் திருப்பத்தைப் பிற்காலத்தில் கார்ப்பெண்டரே குறை கூறியிருக்கிறார். யார்மேல் வேண்டுமானாலும் பாயக்கூடியவன் இப்போது ஒரு குடும்பத்தைத் தேடி அழிப்பவனாகிவிட்டான். அந்தக் குடும்பத்தில் பிறக்காத நாம் நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். 1988-இல் லோரியின் மகள், 1995-இல் சாபமும் ரகசியக் கூட்டமும் என்று காரணங்கள் பெருகப் பெருக, பேய்க்கதை பங்காளிச் சண்டையாகிப்போனது.

நீங்கள் கேட்ட முடிவுக்கு வருகிறேன். ஆறு முறை சுட்டுவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும், மைக்கேலின் மனநல மருத்துவரான டாக்டர் லூமிஸின் முகத்தைக் கவனியுங்கள். கீழே உடல் இல்லை என்பது அவருக்கு வியப்பாகவே இல்லை. அடுத்து, நாம் ஏற்கெனவே பார்த்த அறைகளும் மாடிப்படியும் வீடுகளும் வெறுமையாக ஒவ்வொன்றாக வர, அவனுடைய மூச்சு மட்டும் அவற்றின்மேல் கேட்கிறது. அவன் எங்கும் இருக்கலாம் என்று சொல்லி முடித்த படம் அது. தொடரும் படமோ அவனை ஏதாவது ஓரிடத்தில் காட்டியே ஆகவேண்டும். இரண்டாம் பாகம் அவனை ஒரு மருத்துவமனைக்குள் கொண்டுபோய் விட்டது.

கேள்வி: அப்படியானால் அடுத்த பாகங்களில் ஒன்றுகூடத் தேறாதா?
– வாசகர், மதுரை

பதில்: 1982-இல் வந்த மூன்றாம் பாகம் தேறும். பண்டிகையை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதுக் கதை சொல்வது என்று துணிந்து எடுத்தார்கள். மைக்கேலை எதிர்பார்த்துப் போன ரசிகர்கள் ஏமாந்ததால், நான்காம் பாகத்தின் தலைப்பிலேயே அவன் திரும்பி வருவதை அறிவிக்க வேண்டியதாயிற்று. 2018-இல் எடுத்தவர்கள் 1978-க்குப் பின் நடந்த அத்தனையையும் தள்ளிவிட்டு, தங்கை உறவு வெறும் கட்டுக்கதை என்று ஒரு பாத்திரத்தின் வாயாலேயே சொல்லவைத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதுவும் வசூலை அள்ளியதால், அதற்கும் 2021-இலும் 2022-இலும் தொடர்ச்சி வந்துவிட்டது.

ஆசை அடங்காவிட்டால் மூன்றாம் பாகத்தைப் பாருங்கள். அதில் முதல் படம் தொலைக்காட்சியில் வரும் ஒரு சினிமாவாக மட்டுமே தலைகாட்டுகிறது; அதனால் அதற்கு ஒரு சேதமும் இல்லை.