வாசகர் கேள்வி பதில்: தோட்டத்தில் திரை கட்டலாம்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து எடுத்த 80 நிமிடப் படத்தை நகரத் தியேட்டர்கள் ஏற்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் காட்டலாமா? என்னென்ன வேண்டும்?
- வாசகர், ஹட்டன்

பதில்: கட்டாயம் காட்டுங்கள். உங்கள் கதைக்குரிய சனம் அங்கேதான் இருக்கிறது.

திறந்த மைதானம் வேண்டாம். பனிமூட்டம் இறங்கினால் ஒளி வழியிலேயே சிதறி, திரை வெளிறிவிடும். கோயில் மண்டபமோ பாடசாலை மண்டபமோ நல்லது. நன்றாக இருட்டடித்த மண்டபத்தில் 100 பேருக்கு 3,000 லூமன்ஸ் வெளிச்சமுள்ள புரொஜெக்டரும் 8 அடி அகலத் திரையும் போதும். த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தள்ளி வைப்பது என்ற கணக்கு) 1.5 என்றால் புரொஜெக்டரைத் திரையிலிருந்து 12 அடி தள்ளி வைக்க வேண்டும். முன்னால் பிள்ளைகளைப் பாயில் இருத்துங்கள், தலை மறைக்காது. குளிரிலிருந்து கொண்டுவந்த புரொஜெக்டரின் லென்ஸில் ஈரம் படியும். அரை மணி நேரம் மண்டபத்திலேயே வைத்துவிட்டுப் போடுங்கள்.

படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுக்கும். வசனம் கேட்காவிட்டால் எழும்பிப் போய்விடும். பெரும்பாலும் சிக்கல் ஆறு சேனலாகப் பிரித்த 5.1 ஒலியில்தான்: வசனம் நடுச் சேனலில் இருக்கும், இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் இசை மட்டும் முழங்கி, வசனம் அமுங்கிவிடலாம். தனியாக ஸ்டீரியோ (இரண்டு சேனல்) பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. உங்கள் பக்கம் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் தோது.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, வீடு வந்து, சமைத்து முடிக்கவே இருட்டிவிடும். பெண்களும் வர வேண்டுமென்றால் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு முன் தொடங்காதீர்கள்.

தணிக்கைச் சான்றிதழும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். டிக்கெட் விற்பதானால் கேளிக்கை வரி பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள்.

கேள்வி: பென் டிரைவில் படம் ஏறவே இல்லை. வேறொன்றில் ஏற்றினால் சிங்கள சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஏன்?
- வாசகி, பண்டாரவளை

பதில்: ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். புரொஜெக்டர் அதைப் படிக்காவிட்டால் மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வயரில் ஓட்டுங்கள். கட்டம் வருவது பிளேயரில் சிங்கள எழுத்துரு இல்லாததால். சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்துவிட்டால் எந்தக் கருவியிலும் சரியாக வரும். அந்தச் சிரமம் வீண்போகாது. பக்கத்துச் சிங்களக் கிராமத்தாரும் பார்க்கலாமே.

கேள்வி: முதலில் யூடியூப்பில் போட்டால் என்ன?
- வாசகர், பதுளை

பதில்: வேண்டாம். இணையத்தில் வெளியான படத்தைப் பல திரைப்பட விழாக்கள் எடுப்பதில்லை. விழா, தோட்டத் திரையிடல் எல்லாம் முடிந்தபின் போடுங்கள்.