கால்நடை கேள்வி – பதில்: சந்தைக் கோழி வந்த பிறகு வீட்டுக் கோழிக்குச் சீக்கு

கேள்வி: வீட்டில் 14 நாட்டுக்கோழிகள் இருந்தன. வாரச்சந்தையில் இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கிவந்து அன்றைக்கே ஒன்றாக அடைத்தேன். ஆறாம் நாள் பழைய கோழிகள் இரண்டு இறக்கையைத் தொங்கப் போட்டு உறங்கி நின்றன. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனது. இதுவரை ஐந்து செத்துவிட்டன. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஆனால் சந்தையில் வாங்கிய மூன்றும் நன்றாகத் தின்று திரிகின்றன. அப்படியென்றால் நோய் வேறெங்கிருந்தோ வந்ததா? மருந்துக்கடை மாத்திரை கொடுத்தும் கேட்கவில்லை. மீதியை விற்றுவிடலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விற்காதீர்கள் அம்மா. கோழி உறங்க ஆரம்பித்ததும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது ஊர் வழக்கமாகவே இருக்கிறது. அப்படித் தள்ளிவிட்ட கோழிகள் நின்ற கூடைக்குப் பக்கத்தில்தான் உங்கள் மூன்றும் நின்றிருக்கும். இன்று நீங்கள் விற்றால், இன்னொரு வீட்டுக் கொட்டகை அடுத்த வாரம் காலியாகும். பணி ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் குறிகள் வெள்ளைக் கழிச்சலுக்கு, அதாவது ராணிக்கெட் நோய்க்குப் பொருந்துகின்றன. கிருமி உள்ளே போய் இரண்டு நாளிலும் காட்டும், பதினைந்து நாள் கழித்தும் காட்டும். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும். உங்கள் கணக்கும் அதுதான். வாங்கிய கோழிகள் நன்றாக இருப்பதால் அவை கொண்டுவரவில்லை என்று ஆகாது. யாரோ தடுப்பூசி போட்டு வளர்த்த கோழியாக இருக்கலாம்; முன்பே நோய் வந்து பிழைத்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட கோழி தான் சாகாது, ஆனால் எச்சத்திலும் மூக்குச் சளியிலும் கிருமியைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஊசியே பார்க்காத உங்கள் பழைய கோழிகள் அதைத் தாங்காது. சந்தைக் கூடை, கோணி, உங்கள் செருப்பு வழியாகக்கூட வந்திருக்கலாம்.

உறுதி செய்ய ஒரு வழி, அடுத்து சாகும் கோழியை பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோவது. கறிக்கு அறுக்கும்போது உள்ளே மஞ்சள் தோலை உரித்துப் போடுவோமே, அந்த அரைவைப்பைக்குச் சற்று மேலே சின்ன இரைப்பை ஒன்று இருக்கும். மருத்துவர் அதை விரித்து, உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சளியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பார். குருணை குருணையாக இருக்கும் சுரப்பிகளின் நுனியில் குண்டூசியால் குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள் இருந்தால், பெரும்பாலும் இதே நோய்தான். வீட்டில் நீங்கள் அறுத்துப் பார்க்க வேண்டாம். கொண்டை நீலம் பாய்ந்து ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் கோழியைத் தொடாமல் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

மாத்திரை ஏன் கேட்கவில்லை? இது வைரஸ் நோய். எந்த மாத்திரைக்கும் அது அடங்காது. கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைத்துக் கொடுப்பதை நான் தடுப்பதில்லை. தீனி எடுக்க உதவும். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். உறங்குகிற கோழிகளைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, நல்ல தண்ணீர் வையுங்கள். நன்றாக இருப்பவற்றுக்கு இப்போது சொட்டு மருந்து போடலாமா என்பதை மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கிருமி ஏறிய கோழிக்குப் போட்டால் அது காப்பாற்றாது. செத்ததை வாய்க்காலில் வீசாமல், நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணைத் தேய்த்தால் உங்களுக்கும் கண் சிவக்கும்.

கடைசிக் கோழி செத்த நாளிலிருந்து ஒரு மாதமாவது புதுக்கோழி வேண்டாம். பழைய எருவை வழித்துப் புதைத்து, கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்து, வெயில் படவிடுங்கள்.

அப்புறம் வாங்கும்போது, புதியதைக் குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனியாக வையுங்கள். ஒரே கொட்டகையில் நடுவே வலை கட்டுவது தனி ஆகாது. வீட்டின் மறுபக்கம், காற்று நேராக வீசாத இடம், தனித் தண்ணீர்ச் சட்டி. தீனி போடும்போது முதலில் பழைய கோழிக்கு, கடைசியில் புதியதற்கு. அந்தப் பக்கம் போகத் தனிச் செருப்பு. தனிக்காவல் முடியும் சமயத்தில் பழைய கோழியில் ஒன்றை மட்டும் புதியவற்றோடு பத்துப் பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லாவற்றையும் சேர்க்கலாம். ஒன்றை இழந்தாலும் மீதி தப்பும்.

தடுப்பூசி முறை இது: குஞ்சுக்கு 5–7ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரம் குடிதண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. லசோட்டாவைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கலந்தால் மருந்து செத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியட்டும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும், உடைத்தால் மறுநாளுக்கு ஆகாது. பத்துக் கோழிக்காரர்கள் ஊசியை விடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். அரசு பிப்ரவரியில் நடத்தும் இலவச முகாமையும் விடாதீர்கள்.

கேள்வி: சண்டைச் சேவல் ஒன்று வாங்கினேன். வந்ததும் கொர்கொர் என்று இழுத்தது, மூக்கில் சளி. மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது. பெட்டைகளோடு விடலாமா?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: விடாதீர்கள். நாட்பட்ட சளி நோயாக இருந்தால் வெளியே ஆறியது போலத் தெரிந்தாலும் கிருமி உள்ளேயே தங்கும். மழையிலோ பயணத்திலோ மறுபடி கிளம்பும். பெட்டைக்குத் தொற்றினால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். சேவலை வைத்துக்கொள்வதானால் கடைசி வரை தனிக்கூண்டுதான். அதன் வம்சம் வேண்டுமென்றால், இந்த நோய் இல்லாத இடத்தில் உள்ள அதே வகைச் சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டையை வாங்கி உங்கள் பெட்டையில் அடை வையுங்கள்.