புற்றுநோய் ஏன் வலிக்கிறது? அதை ஆராய எலிகள் எதற்கு?

புற்றுநோய் எப்படி வலியை உண்டாக்குகிறது, அதற்காக எலிகளை வதைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் அத்தைக்கு மார்பகத்திலிருந்து இடுப்பெலும்புக்குப் பரவியிருந்தது. அசையாமல் படுத்திருந்தால் தாங்கிக்கொள்வார். புரண்டு படுத்தால் போதும், அலறிவிடுவார். இது ஏன் இப்படி என்று தேடித் தேடிப் படித்தேன்.

கட்டி வளர்ந்து நரம்பை அழுத்துவதால் வலிக்கிறது என்பார்கள். அது பாதிதான் சரி. நம் எலும்பு ஓயாமல் பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். கரைப்பவை ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் செல்கள். புற்றுநோய் செல்கள் இவற்றை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகின்றன. அவை எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு அமிலத்தைச் சுரக்கின்றன. எலும்புக்குள்ளும் அதன் மேலுறையிலும் ஓடும் வலி நரம்புகளில் அமிலத்தை உணரும் புரதங்கள் இருக்கின்றன. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்துகிற டிஆர்பிவி1 அவற்றில் ஒன்று. போதாக்குறைக்கு, அரித்துப்போன எலும்பு சிறு அசைவுக்கும் ஈடுகொடுக்காது. புரண்டால் வலிப்பது அதனால்தான்.

இதில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து தெரிந்துகொண்டது. 1999இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பாட்ரிக் மாண்டியின் குழு சுண்டெலியின் தொடையெலும்புக்குள் புற்றுநோய் செல்களைச் செலுத்தி, அவை வெளியே கசியாதபடி துளையை அடைத்தது. பிறகு எலியைக் கண்ணாடி போன்ற பெட்டியில் விட்டு, அந்தக் காலை எவ்வளவு நேரம் தூக்கி வைத்துக்கொள்கிறது, எத்தனை முறை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது என்று எண்ணினார்கள். எலும்பு அரிக்க அரிக்க வலியின் அறிகுறிகளும் கூடின. தண்டுவடத்திலும் மாற்றம் தெரிந்தது. அது வீக்க வலியிலோ நரம்பு வெட்டுப்பட்ட வலியிலோ காண்கிற மாதிரி இல்லை. அடுத்த ஆண்டே, ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற புரதத்தைக் கொடுத்தபோது எலிகளின் வலி குறைந்ததையும் காட்டினார்கள். கிட்டத்தட்ட அதே வழியை அடைக்கிற டெனோசுமாப் ஊசி இன்று எலும்பு முறிவைத் தடுக்கவும் வலி முற்றுவதைத் தள்ளிப்போடவும் மனிதர்களுக்குப் போடப்படுகிறது.

வதை என்ற சொல்லை நான் மறுக்கவில்லை. வலியை ஆராய வலியை உண்டாக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அதனால்தான் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தேவைக்கு மேல் ஒரு எலியும் ஒரு நாளும் கூடக் கூடாது. ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் இருக்கும் செல்லுக்கு நொண்டத் தெரியாது என்பதால் இதை ஏற்கிறேன், மனமுவந்து அல்ல.

எலியில் பலித்ததெல்லாம் நமக்குப் பலிப்பதும் இல்லை. வலி நரம்புகளை உசுப்பிவிடும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் அருமையாக வேலை செய்தன. மனிதர்களில் மூட்டு சேதம் என்ற பயம் குறுக்கே வந்தது. இயல்பாகவே எலும்புப் புற்று வரும் வளர்ப்பு நாய்களுக்குச் சிகிச்சை அளித்தபடியே ஆராய்வது எனக்கு இன்னும் நியாயமாகப் படுகிறது. அங்கே நோயைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. மருந்து பலித்தால் அந்த நாய்க்கும் நிம்மதி.

உங்கள் வீட்டில் யாருக்காவது அசைந்தால் மட்டும் வலி கூடுகிறது என்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். மார்ஃபினோடு நிற்காமல், அந்த எலும்புக்கு ஒரே தவணைக் கதிர்வீச்சு கொடுக்கலாமா, எலும்பு அரிப்பைத் தடுக்கும் ஊசி போடலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.